சும்மா நிற்கக் கூடாத சர்வர்

திருத்தங்கல்லில் பெத்தணன் அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் பைரோஜாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், அங்கே இருக்கும் முந்நூறு பேரில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. 'சிஸ்டம் அக்கா' என்பார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து நாள் பூராவும் டிவி பார்க்கிறவர் என்றும் சிலர் சொல்வதுண்டு. அவள் பார்த்தது டிவி இல்லை. கம்பெனியின் ஆர்டர், ஸ்டாக், ஆட்களின் வருகை எல்லாவற்றையும் சுமக்கிற டேட்டாபேஸ் சர்வர் அந்த ரூமில் இருந்தது. அதன் பிராசசர், அதாவது யோசிக்கிற மூளை, அந்தந்த நிமிஷம் நூற்றுக்கு எவ்வளவு உழைக்கிறது என்பதை ஒரு கோடு திரையில் ஏறியும் இறங்கியும் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டுக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. பதினாறு வருஷமாக இருக்கிறாள்.

விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண். கணவர் கமாலுதீன் பஜாரில் பையும் பெட்டியும் விற்கிறார். காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கு ரூமுக்கு வந்தால், கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே கோட்டைப் பார்த்துவிடுவாள். ஆட்கள் வாசலில் விரல் வைக்கும் நேரம் கோடு இருபதைத் தொடும். பதினோரு மணி டீக்குத் தாழும். நாலு மணிக்கு லாரியில் லோடு ஏறும்போது முப்பது வரை போகும். ஒரு நாள் காலையில் கோடு எழும்பவில்லை என்றால், கிராமத்து பஸ் வரவில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். தன் கம்பெனியை அப்படி அறிந்து வைத்திருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

கோடு வருஷத்தில் ஒரே ஒரு நாள் தலைதெறிக்க ஓடும். அது ஆடிப் பதினெட்டு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களைச் சாமி முன்னால் வைத்துப் பூஜை போட்டு வெளியிடும் நாள். தமிழ்நாடு பூராவும் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிக்கிற ஏஜென்டுகள் அன்றைக்கு இங்கே குவிந்துவிடுவார்கள். முதல் ஆர்டரை நல்ல நேரத்தில்தான் போட வேண்டும். ராகு காலமும் எமகண்டமும் அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்கிறவர்கள் தங்களுக்கு மட்டும் பார்க்காமல் விடுவார்களா? பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் பிறக்கிறது என்றால், பத்து நாற்பத்துநாலுக்கு ஒருவர் விரலும் அசையாது. நாற்பத்தைந்து ஆனதும் நூற்று நாற்பது பேரும் ஒரே மூச்சில் போனில் அமுக்குவார்கள். எந்தக் கம்பெனியில் முதல் ஆர்டர் விழுகிறதோ, அந்த ஏஜென்டின் அந்த வருஷத்து வியாபாரம் முழுக்க அங்கேதான்.

பழைய சர்வர் ஓர் ஆடிப் பதினெட்டில் அந்த நிமிஷத்தைத் தாங்காமல் முழி பிதுங்கி நின்றது. முப்பது ஏஜென்டுகள் எழுந்து அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பைரோஜா அதன் பிறகு ஏழு மாசம் அண்ணாச்சி பின்னாலேயே அலைந்து, மன்றாடி, பெரிய சர்வர் ஒன்றை வாங்க வைத்தாள். அடுத்த ஆடிப் பதினெட்டில் ஆர்டர் ஒன்றும் தவறவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பெத்தணன் அண்ணாச்சி கையால் தாள் கொடுத்து ஓட்டும் ஒற்றை மெஷினில் தொழில் தொடங்கியவர். மெஷின் சத்தம் நின்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வருவார். நிற்கிற மெஷின் அவருக்கு நஷ்டம். அதைத் தாண்டி அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஒரு நாள் சர்வர் ரூமுக்கு வந்தவர் திரையைப் பார்த்து, கீழே ஓடுகிற கோடு என்ன என்று கேட்டார். அவளும் பெருமையாகவே விளக்கினாள். பன்னிரண்டு சதவீதம்; தாழ்ந்து ஓடினால் மெஷின் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள்.

"அப்ப மிச்சம் எம்பத்தெட்டு சும்மா நிக்கிதாம்மா?" என்றார் அண்ணாச்சி.

அவருக்கு முகம் செத்துப்போனது. நாலு கலர் மெஷின் அரைக் கலர்தான் அடிக்கிறது என்று கேட்டவர் மாதிரி நின்றார். பன்னிரண்டு சதவீத வேலைக்கு இவ்வளவு பெரிய மெஷினைத் தன் தலையில் கட்டிவிட்டாளே என்று அவர் நினைப்பது பைரோஜாவுக்குப் புரிந்தது. அந்த எண்பத்தெட்டுதான் ஆடிப் பதினெட்டுக்கு வைத்திருக்கும் இடம் என்று எடுத்துச் சொன்னாள். ஒரு நாள் கூத்துக்கு வருஷம் பூராவும் சும்மா நிற்பதா என்று அவர் கேட்டார். எங்கே தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவாரோ என்ற பயத்தில் அவள் ஒரு வார்த்தையை விட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"எடம் நெறைய இருக்கு அண்ணாச்சி. எது வேணும்னாலும் ஓட்டிக்கலாம்."

ஓட்டினார்கள். அண்ணாச்சியின் மாப்பிள்ளை விக்னேஷ்குமார் கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்தவன். எந்தப் பேச்சையும் 'எபிஷியன்சி' என்று ஆரம்பித்து அதிலேயே முடிப்பான். எங்கோ ஒரு கேமரா சாப்ட்வேரை வாங்கி வந்தான். தகரம் அடிக்கும் பிரிவில், காலண்டர் தாள்களை அடுக்கி மேல்விளிம்பில் தகரப் பட்டி வைத்து அமுக்குகிற பெண்கள் அறுபது பேர் இருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் நாலு கேமரா வந்தது. ஐந்தாவது கேமராவை விக்னேஷ்குமார் வேறோர் இடத்தில் மாட்டினான். பெண்கள் கழிப்பறைக்குப் போகும் நடையில், கதவைப் பார்த்து.

யார் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை மணிக்குக் கதவைத் தாண்டினாள், எத்தனை நிமிஷத்தில் திரும்பினாள் என்று அந்தச் சாப்ட்வேர் முகத்தை அடையாளம் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கும். முகம் பார்ப்பது பிராசசரைப் பிழிகிற வேலை. கோடு பன்னிரண்டிலிருந்து கிளம்பித் தொண்ணூறில் போய் நின்றது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். அந்தக் கோட்டைப் பெரிய டிவியில் போட்டு ஹாலில் மாட்டச் சொன்னார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்ம மெஷின் தொண்ணூறில் ஓடுகிறது என்று காட்டினார். பார்த்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் வாரத்து ரிப்போர்ட் பைரோஜாவின் திரையில்தான் வந்து விழுந்தது. இடதுபக்கம் பெயர், வலதுபக்கம் நிமிஷம். ஆர்டர் மேஜையில் இருக்கும் பாண்டிமீனாவின் தங்கையும் தகரம் அடிக்கிறவள்; அவள் பெயருக்கு நேரே மூன்று நாளாக நிமிஷம் கூடியிருந்தது. அது எந்த மூன்று நாள் என்று எந்தப் பொம்பளைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தாளை ஆம்பளைகள் மேஜையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தபோது பைரோஜா எழுந்து போய் முகம் கழுவினாள். பிறகு அந்த அறுபது பேர் முகத்தையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

விக்னேஷ்குமாரிடம் போய் இது அசிங்கம் என்றே சொன்னாள். உள்ளே கேமரா வைக்கவில்லையே, வெளியேதானே என்றான் அவன். ஏதோ பெரிய கண்ணியத்தைக் காப்பாற்றிவிட்டவன் போல அதை இரண்டு தடவை சொன்னான். அண்ணாச்சியிடம் போனாள். எது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். வீட்டுக்கு வந்து கமாலுதீனிடம் சொன்னாள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வா, கடையில் ஆள் இல்லாமல்தான் இருக்கிறது என்றார் அவர். அவள் விடவில்லை. விட்டுவிட்டால் ஆடிப் பதினெட்டை யார் பார்ப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் அது சாக்கு என்றும் தெரிந்தது. சாப்ட்வேர் இரண்டு தடவை படுத்தபோது அதை எழுப்பி ஓடவிட்டதும் அவள் கைதான். விக்னேஷ்குமார் மேல் வந்த அருவருப்பில் பாதியைத் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனி முடிந்து ஆடி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. தகரம் அடிக்கிறவர்கள் காலையில் கொண்டுவந்த தண்ணி பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுபோவதை பைரோஜா கவனித்தாள். குடித்தால் போக வேண்டும், போனால் எண்ணுவார்கள். நாரணாபுரத்திலிருந்து வருகிற மூக்கம்மாள் அவர்களில் மூத்தவள், ஐம்பது வயது, சர்க்கரை உள்ள உடம்பு. அவளால் தண்ணியை விடவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே சர்வர் ரூம் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை; செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"சிஸ்டம் அக்கா, எம் பேருக்கு எம்புட்டுப் போட்டுருக்குன்னு பாத்துச் சொல்றீகளா?" என்றாள்.

பைரோஜா பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பத்தொரு நிமிஷம். பட்டியலில் முதல் பெயர். பட்டியலுக்கு அடியில் விக்னேஷ்குமார் எழுதியிருந்த குறிப்பையும் பார்த்தாள். முதல் மூன்று பேரை ஆடிப் பத்தொன்பதாம் தேதி எல்லோர் முன்னாலும் பெயரையும் நிமிஷத்தையும் படித்து வேலையை விட்டு நிறுத்துவது; மற்றவர்களுக்கு அது பாடமாக இருக்கும். மூக்கம்மாள் இருபத்திரண்டு வருஷமாக அங்கே தகரம் அடிக்கிறவள். பட்டாசுக் கம்பெனிக்கு மட்டும் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இங்கே வந்து சேர்ந்தவள். அவள் வேலை போவது ஒன்று. அறுபது பேர் முன்னால், நீ கழிப்பறையில் இத்தனை நிமிஷம் இருந்தாய் என்று படிக்கக் கேட்டுக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிது. பைரோஜா பொய் சொன்னாள். எல்லோருக்கும் போலத்தான் போட்டிருக்கிறது, நீங்கள் தண்ணி குடியுங்கள் என்றாள். மூக்கம்மாள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆடிப் பதினேழு மாலையில் பைரோஜா விக்னேஷ்குமாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். நாளைக்குக் காலை ஒரு மணி நேரம் மட்டும் கேமரா சாப்ட்வேரை நிறுத்தி வைக்க வேண்டும், ஆர்டர் விழ இடம் வேண்டும். முடியாது என்றுவிட்டான். திருவிழாக் கூட்டத்தில்தான் பொம்பளைகள் வேலையை விட்டு வேடிக்கை பார்ப்பார்கள், அன்றைக்குத்தான் எண்ண வேண்டும் என்றான். அண்ணாச்சிக்கோ, ஏஜென்டுகள் ஹாலுக்குள் நுழையும்போது டிவியில் கோடு உச்சியில் நிற்க வேண்டும். ஆர்டர் நின்றால் நீங்கதான் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு இருவரும் பூஜைக்கு மாலை வாங்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் பூஜை முடிந்தது. ஆல்பங்களுக்குச் சந்தனம் தொட்டு வைத்தாயிற்று. ஏஜென்டுகள் நாற்காலிகளில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹால் டிவியில் கோடு தொண்ணூற்றிரண்டு. சர்வர் ரூமில் பைரோஜாவின் கண் கடிகாரத்துக்கும் கோட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாற்பத்தைந்து ஆனது. கோடு நூறில் போய் இடித்து, அப்படியே படுக்கையாக நின்றது.

பாண்டிமீனா ஆர்டர் மேஜையிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, ஒண்ணு கூட உள்ள போவ மாட்டேங்குது. ஆலங்குளம் சோலைச்சாமி அண்ணன் எந்திரிச்சிட்டாரு. அவரு போனா பின்னாலேயே பத்துப் பேரு போவாக."

பைரோஜா யாரையும் கேட்கவில்லை. கேமரா சாப்ட்வேரை நிறுத்தினாள். கோடு ஒரு கணம் தடுமாறி, எழுபதுக்கு வந்தது. ஒன்று, ஐந்து, இருபது என்று ஆர்டர்கள் உள்ளே விழுந்தன. சோலைச்சாமி தன் போனில் பச்சைக் குறியைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார் என்று பாண்டிமீனா வந்து சொன்னாள். பதினொன்றே காலுக்குள் நூற்று நாற்பது பேரும் போட்டு முடித்துவிட்டார்கள். அதன் பிறகு பிராசசருக்கு வேலை இல்லை. கோடு தன் பழைய இடத்துக்கு, பன்னிரண்டுக்கு வந்து நின்றது. பைரோஜா ஆறு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

நிம்மதி ஐந்து நிமிஷம்தான். போன் அடித்தது. ஹாலிலிருந்து அண்ணாச்சி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். ஆர்டரெல்லாம் விழுந்துவிட்டதே என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"ஏம்மா, மெசின் படுத்துருச்சு? பூராப் பேரும் டிவியத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. மானம் போவுது. எதையாச்சும் ஓட விட்டு மேல ஏத்துங்க."

எதையாவது. பைரோஜா போனை வைத்தாள். நூற்று நாற்பது ஆர்டர் உள்ளே கிடக்கிறது. இந்த மனுஷனுக்குக் கோடு மேலே நிற்க வேண்டும். மெஷின் எதற்காக உழைக்கிறது என்ற கேள்வியே இந்த ஆளுக்கு வராதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. தோன்றியதும் அவள் யோசிக்கவே இல்லை.

கழிப்பறைக் கணக்கு முழுவதும் ஆட்களின் வருகைப் பதிவோடு ஒரே அட்டவணையில்தான் கலந்து கிடந்தது. சாப்ட்வேரை மாட்டிய மகராசன் அப்படிக் கலந்துவிட்டுப் போயிருந்தான். தனி நகலும் கிடையாது. அதற்கு இன்னொரு டிஸ்க் வாங்கக் கேட்டபோது வீண் செலவு என்று விக்னேஷ்குமார் மறுத்துவிட்டான். வருகையைத் தொடாமல் இதை மட்டும் பொறுக்கி எடுத்து எறிய வேண்டும் என்றால், சர்வர் நாற்பது லட்சம் வரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிராசசருக்கு அதைப் போல முதுகொடிக்கிற வேலை வேறு இல்லை. வருகைப் பதிவு மொத்தம் எத்தனை வரி என்று முதலில் எண்ணிக் குறித்துக்கொண்டாள். அழிக்கிற கட்டளையை எழுதினாள். எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்தாள். ஓட விட்டாள்.

கோடு எழுந்தது. ஐம்பது, எண்பது, நூறு. டிவியில் நூறைத் தொட்டால் கோடு சிவப்பாகும்படி அண்ணாச்சிதான் வைக்கச் சொல்லியிருந்தார். ஹாலில் கைதட்டல் கேட்டது. "பாத்தியளா, நூறு! ஒரு நிமிசம் சும்மா நிக்காது நம்ம மெசின்" என்று அவர் ஏஜென்டுகளிடம் சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஐம்பது நிமிஷம் கோடு நூறில் நின்றது. ஐம்பது நிமிஷமும் அவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்டுகளில் சிலர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பாண்டிமீனா ஒரு பொட்டலம் பால்கோவா கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி சிஸ்டம் அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னாராம், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக. பைரோஜா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தொடக்கூட மனசு வரவில்லை. வேலை முடிந்ததும் வருகைப் பதிவை மறுபடி எண்ணினாள். ஒரு வரியும் குறையவில்லை. மற்றதில் ஒரு வரியும் மிஞ்சவில்லை.

ஆடிப் பத்தொன்பது காலையில் தகரம் அடிக்கும் பிரிவில் அறுபது பேரையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டு விக்னேஷ்குமார் பட்டியலை எடுக்க வந்தான். திரையில் பெயர்களும் இல்லை, நிமிஷங்களும் இல்லை. ரிப்போர்ட் என்று தலைப்பு மட்டும் வந்தது. அவன் கத்திய கத்தலில் அண்ணாச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். என்ன ஆனது என்று கேட்டார். பைரோஜா எழுந்து நின்றாள். மறைக்கும் எண்ணம் அவளுக்கு எப்போதுமே இருக்கவில்லை.

"நான்தான் அழிச்சேன் அண்ணாச்சி. எதையாச்சும் ஓட விடச் சொன்னீக. நேத்து நூறுல நின்னுச்சுல்ல, அது இத அழிச்ச வேலைதான்."

அண்ணாச்சிக்கு அது உள்ளே போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனதும் முகம் கறுத்தது. விக்னேஷ்குமார் போலீஸ், கேஸ் என்று ஆரம்பித்தான். அண்ணாச்சி கையைக் காட்டி அவனை அடக்கினார். கேஸ் என்று போனால் எதை அழித்தாள், எப்போது அழித்தாள் என்று ஊருக்கே தெரியும். நூற்று நாற்பது ஏஜென்டுகளிடம் நூறு நூறு என்று காட்டியது தன் ரிப்போர்ட் சாகிற காட்சியைத்தான் என்று சோலைச்சாமிக்குத் தெரிந்தால் போதும், தீபாவளி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது என்றார். கேமராவைக் கழற்றிவிடச் சொன்னார். ஹால் டிவியில் இனிமேல் சாமி படம் ஓடட்டும் என்றார். சீசன் முடிகிற வரைக்கும் பைரோஜா இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் அவள் காதுபடவே சொன்னார்.

கூசிப்போயிருக்கிறார் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்தக் கூச்சம் எதற்காக என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வெளியே அறுபது பேர் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியே மூக்கம்மாள் தெரிந்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இந்த ரூமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைகளுக்கு என்ன சொல்லப் போறீக, அண்ணாச்சி?" என்று பைரோஜா கேட்டாள்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நடிப்பும் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"எந்தப் பொம்பளைகம்மா?"